கறுப்பைத் தனியாப் போடு

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வருஷமாக யாரும் யாரையும் நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தவில்லை. குறைந்தபட்சம் யாரும் அதை எழுதிப் பெட்டியில் போடவில்லை. இதனால் சம மாண்புப் பிரிவு என்கிற ஒரு பிரிவையே இழுத்து மூடும் நிலை வந்துவிட்டது.

மூன்றாவது மாடியில் அந்தப் பிரிவுக்கு ஏசி அறை. கண்ணாடி மேஜை. நான்கு நிறக் கைகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் படம். வாசலில் ஒரு புகார்ப் பெட்டி. அதைத் திறந்தால் மிட்டாய்த் தாள்களும், கேன்டீன் டீ தண்ணீராக இருக்கிறது என்கிற ஒரு புகாரும்தான் கிடைத்தன. டீ என்ன நிறம் என்று எழுதியிருந்தாலாவது ஏதாவது செய்திருக்கலாம் என்று மாண்பு அதிகாரி அம்மா வருத்தப்பட்டதாகக் கேள்வி. பெட்டி நிரம்பாவிட்டால் அறை பறிபோகும். ஆகவே அவர் புகாரைத் தேடி மாடி மாடியாக இறங்கி வர ஆரம்பித்தார். அப்படி இறங்கினால் கடைசியில் வருவது எங்கள் சலவைக்கூடம்தான்.

அங்கே நாங்கள் மூன்று பேர். சலவை மாஸ்டர், நெட்டை, இஸ்திரி போடும் நான். என் பெயரே அங்கே ‘இஸ்திரி’தான். மாஸ்டருக்குச் சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறி ஊறி விரலில் ரேகை இருக்காது. வருகைப் பதிவு மெஷின் அவரை ஒரு நாளும் ஒரே தடவையில் ஒப்புக்கொண்டதில்லை. நெட்டை கடல் தாண்டிப் பிழைக்க வந்தவன். வாசல் நிலையில் இடிக்காமல் இருக்கக் குனிந்து வருவான், அதனால் நெட்டை. நல்ல கறுப்பு. இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் அவனிடம் பார்க்க வேறொன்றுமே இல்லை என்று மேல்மாடிக்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

வந்த புதிதில் அவனுக்கு நம் பேச்சு ஒரு வார்த்தை தெரியாது. மாஸ்டர்தான் சோப்பு நுரைக்கு நடுவில் கற்றுக்கொடுத்தார். “துணிய வெளுக்கிறதுன்னா துவைக்கிறது. ஆள வெளுக்கிறதுன்னா சாத்துறது. ரெண்டுக்கும் ஒரே கைதான், பாத்துப் பேசு” என்பார். நெட்டை விழுந்து விழுந்து சிரிப்பான். மாஸ்டர் வீட்டுச் சாப்பாட்டு டப்பாவில் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு. மாஸ்டரின் சம்சாரம் டப்பாவோடு அதற்கென்றே இரண்டாவதாக ஒரு தட்டு அனுப்புவார்.

படுக்கை விரிப்பை ஒருத்தர் மடிக்க முடியாது. இந்தப் பக்கம் ஒருவர் இரண்டு முனையைப் பிடிக்க வேண்டும், அந்தப் பக்கம் ஒருவர். ஒரு உதறல், ஒரு இழுப்பு, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். மாஸ்டரும் நெட்டையும் அதைப் பேசிக்கொண்டே செய்வார்கள். வார்டு வார்டாக விரிப்புகள் அடுக்காகிக்கொண்டே போகும்.

அந்த மாதம் கேட் காவலாளிகளுக்குப் புதுச் சீருடை வந்தது. கறுப்புச் சட்டை. மலிவான சாயம், தொட்டாலே கையில் ஒட்டியது. அந்தச் சட்டைகளையும் வெள்ளைத் துணிகளையும் யாரோ பிரிக்காமல் ஒன்றாகக் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பெரிய மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் காது கேட்காது என்பதால் மாஸ்டர் அடித்தொண்டையில் கத்தினார்.

“டேய் நெட்டை! அந்தக் கறுப்பத் தனியாப் போடு! வெள்ளையோட சேத்தா எல்லாம் நாசமாப் போயிடும்! நல்லா வெளுத்தாத்தான் வழிக்கு வரும்!”

வாசலில், வெள்ளைக் கோட்டில் காபி கொட்டிக்கொண்டு, அதைத் துவைக்கக் கொடுக்க மாண்பு அதிகாரி அம்மா நின்றிருந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. கோட்டைக் கொடுக்காமலேயே ஓட்டமும் நடையுமாக மேலே போனார்.

மறுநாள் மூன்றாவது மாடி அறையில் விசாரணை. கமிட்டியில் இயக்குநர், மாண்பு அதிகாரி, குறிப்பெழுதும் ஒரு குமாஸ்தா. எங்கள் மூவரையும் சுவரோரம் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மாஸ்டர் கையை மடியில் வைத்து மூடிக்கொண்டார்.

“கறுப்புன்னு சொன்னீங்களா?” என்றார் இயக்குநர்.

“சொன்னேங்க. சட்டை கறுப்புங்க.”

“தனியா ஒதுக்கச் சொன்னீங்களா?”

“ஆமாங்க. இல்லன்னா சாயம் ஒட்டிக்கும்.”

“யாரோட சாயம் யார் மேல ஒட்டும்?”

“கறுப்போடது வெள்ளை மேலங்க.”

குமாஸ்தா இரண்டு தடவை அடிக்கோடு போட்டார்.

“வெளுக்கணும்னு வேற சொல்லியிருக்கார் சார்” என்றார் அதிகாரி அம்மா. “ஒருத்தரோட நிறத்தை மாத்தணும்கிற எண்ணம். இல்ல, அடிக்கணும்கிற எண்ணம். ரெண்டுல எதுவா இருந்தாலும் எங்க பிரிவுக்கு வருது.”

“துவைக்கணும்கிற எண்ணமுங்க” என்றார் மாஸ்டர்.

“நோக்கம் முக்கியமில்ல. தாக்கம்தான் முக்கியம்.”

“யாருக்குத் தாக்கமுங்க?”

“அதைக் கண்டுபிடிக்கத்தானே கமிட்டி!”

அடுத்து, அவனை ஏன் நெட்டை என்று கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்கள். உயரமாக இருப்பதால் என்றார் மாஸ்டர். எல்லோரையும் உடம்பை வைத்துத்தான் கூப்பிடுவீர்களா என்றார்கள். இல்லை, இவனை இஸ்திரி என்போம் என்று என்னைக் காட்டினார். “அது தொழில வச்சு. இது உடம்ப வச்சு. குறிச்சுக்கோங்க” என்றார் அதிகாரி அம்மா. என் தொழில் அன்று என்னைக் காப்பாற்றியது.

பிறகு நெட்டையிடம் திரும்பினார். குரலில் தேன் ஒழுகியது.

“பயப்படாம சொல்லுங்க. எவ்வளவு வலிச்சுது?”

“வலிக்கலையே மேடம். மாஸ்டர் சட்டையச் சொன்னாரு. காவலாளி சட்டை.”

“பாவம். பாதிக்கப்பட்டவங்க மொதல்ல பாதிப்பை மறுப்பாங்க. அதுதான் பாதிப்போட அறிகுறி.”

“அப்ப வலிச்சுதுன்னு சொல்லியிருந்தா?”

“பாதிப்பு உறுதி ஆயிருக்கும்.”

நெட்டை கொஞ்ச நேரம் அந்த நான்கு கைகள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “மேடம், எனக்கு வேற ஒரு குறை இருக்கு, சொல்லலாமா?” என்றான். கமிட்டி ஆவலாக முன்னால் சாய்ந்தது.

“தினம் வேலை முடிஞ்சு போறப்ப கேட்ல என் பைய மட்டும் தொறந்து பாக்கிறாங்க. மாஸ்டர் பை, இஸ்திரி பை, யார் பையும் தொட மாட்டாங்க. என் பைல மட்டும் கைய விட்டுத் துழாவுவாங்க. மாத்துத் துணியக்கூட வெளிய எடுத்து வச்சுப் பாப்பாங்க.”

“அப்ப ஏதாவது சொல்வாங்களா?”

“ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

“நிறத்தப் பத்தி? ஒரு வார்த்தை?”

“இல்ல மேடம். கைதான் பேசும்.”

அதிகாரி அம்மா பின்னால் சாய்ந்துகொண்டார். “வார்த்தை இல்லாம எப்படிங்க? எங்க பிரிவு வார்த்தைகளைத்தான் பாக்குது. பை, பூட்டு, கதவெல்லாம் பாதுகாப்புப் பிரிவு. அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க.” பாதுகாப்புப் பிரிவு என்றால் அதே கேட் காவலாளிகள்தான். குமாஸ்தா அந்தப் பகுதியை எழுதவே இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு வந்தது. சலவைக்கூடத் தரையில் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு. இந்தப் பக்கம் மாஸ்டர், அந்தப் பக்கம் நெட்டை. ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. அடுத்து வரும் மாண்பு தின விழா வரை மாஸ்டர் வேலை தற்காலிகம்தான். விழாவில் மன்னிப்புக் கேட்டால் வேலை உண்டு, கேட்காவிட்டால் இல்லை. நெட்டைக்கு வாரம் ஒரு தடவை மூன்றாவது மாடியில் மனநல ஆலோசனை.

விரிப்பை எப்படி மடிப்பது என்று மாஸ்டர் கேட்டார். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். ‘நடுநிலை மடிப்பாளர்’ என்று ஒரு பதவி. அந்தப் பதவியில் என்னைப் போட்டார்கள். நெட்டை விரிப்பின் இரண்டு முனையையும் கோடு வரை கொண்டுவந்து என்னிடம் கொடுப்பான். நான் கோட்டைத் தாண்டி மாஸ்டர் கையில் சேர்ப்பேன். முனைகளை மட்டும்தான் கொண்டுபோகலாம், வார்த்தைகளைக் கொண்டுபோகக் கூடாது என்று என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இஸ்திரிப் பெட்டி ஆறிப்போய்க் கிடந்தது.

‘கறுப்பு’ என்கிற சொல்லைச் சலவைக்கூடத்தில் தடை செய்தார்கள். அதற்குப் பதில் ‘ஒளி குறைந்த’. வெள்ளை என்பதும் ஒரு மாதிரியாக இருப்பதால் ‘ஒளி நிறைந்த’. அதோடு விடவில்லை. துணிகளைப் பிரிப்பதே பிரிவினைப் பழக்கத்தின் வேர் என்று கண்டுபிடித்தார்கள். இனி எல்லாத் துணியும் ஒரே மெஷினில், ஒரே தண்ணீரில். பெயர், ‘கலந்த சலவை’.

இயக்குநரே அதைத் தொடங்கிவைக்க வந்தார். மெஷினில் ஒரு பக்கம் டாக்டர்களின் கோட்டுகள், மறு பக்கம் காவலாளிகளின் சட்டைகள்.

“என்ன மாஸ்டர், ஏதாவது சொல்லணுமா?”

“சார், ஒளி குறைஞ்சதும் ஒளி நெறைஞ்சதும் ஒண்ணாப் போட்டா...”

“போட்டா?”

மாஸ்டர் அதிகாரி அம்மாவைப் பார்த்தார். குமாஸ்தா பேனா மூடியைக் கழற்றினார்.

“நல்லா இருக்கும் சார்” என்றார் மாஸ்டர்.

துணியைப் பற்றி மாஸ்டர் பொய் சொன்னதை நான் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். கோட்டுகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் வந்தன. பூனை வாலைப்போல அங்கங்கே கோடு வேறு. டாக்டர்கள் வாயைத் திறக்கவில்லை. கோட்டு ஏன் கறுத்துவிட்டது என்று கேட்க அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டுமே. ஒரு இளம் டாக்டர் மட்டும், “இது கொஞ்சம் ஒளி...” என்று ஆரம்பித்து, சுற்றிப் பார்த்துவிட்டு, “ஒளிமயமா இருக்கு” என்று சொல்லிப் போட்டுக்கொண்டு போனார்.

மாஸ்டரின் வீட்டுச் சங்கதி வேறு. சேதி அவருக்கு முன்னாலேயே தெருவுக்குப் போய்விட்டது. வாடகை வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து, “உங்கள மாதிரி ஆளுக்கு வீடு குடுத்ததே தப்பு. இந்தக் காலத்துல போய் நிறம் பாக்கிறீங்களே, அசிங்கமா இல்ல?” என்று வாசலில் நின்று நான்கு பேர் கேட்கக் கத்தினார். போன வருஷம் இதே அம்மாவிடம்தான், காலியாக இருந்த பின்பக்க அறையை நெட்டைக்குக் கேட்டு மாஸ்டர் போனார். கூட வந்த நெட்டையைப் பார்த்ததும், “அறைக்கு வேற ஆள் வந்துட்டாங்களே” என்று சொல்லிவிட்டார். அந்த அறை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. இவர்களைப் போன்ற ஜென்மங்களுக்கு அந்த மஞ்சள் கோடு எவ்வளவு சௌகரியம்! தங்கள் அழுக்கையெல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் தலையில் கொட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளலாம்.

மச்சினர் போன் செய்து, “மாமா, சொல்லியிருந்தா சொல்லிட்டேன்னு ஒத்துக்கங்க, விட்டுடுவாங்க” என்றாராம். சம்சாரம் இரண்டு நாள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் தட்டு கழுவிக்கொண்டே, “நீங்க அப்படிச் சொல்லியிருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்” என்றாராம். “அவ அதச் சொன்ன விதம் இருக்கே இஸ்திரி, தன்கிட்டத்தானே சொல்லிக்கிற மாதிரி இருந்துச்சு” என்றார் மாஸ்டர். அந்த இரண்டாவது தட்டு அதற்குப் பிறகு டப்பாவோடு வரவில்லை.

நெட்டைக்கு ஆலோசனை நடந்துகொண்டிருந்தது. முதல் வாரம் வந்து, “என்னென்னமோ கேக்கிறாங்க இஸ்திரி. மாஸ்டர் எனக்குச் சோறு போட்டது எதுக்குன்னு கேக்கிறாங்க. மேல இருந்து கீழ போடற மாதிரி போட்டாரான்னு கேக்கிறாங்க” என்று சிரித்தான். அடுத்த வாரம் சிரிக்கவில்லை. அதற்கடுத்த வாரம் விரிப்பின் முனைகளைக் கொடுக்கும்போது என் கையை விடாமல் பிடித்துக்கொண்டான்.

“மாஸ்டர்கிட்ட ஒண்ணு கேளு. ஒரு தடவையாவது, மனசுக்குள்ளயாவது, என்னப் பத்தி அவர் அப்படி நெனச்சிருக்காரான்னு கேளு.”

நான் கோட்டைத் தாண்டினேன். முனைகளை மாஸ்டர் கையில் கொடுத்து, கேள்வியையும் கொடுத்தேன். அவர் விரிப்பை இழுக்கவில்லை. மடிக்கவில்லை. கையில் பிடித்தபடியே நின்றார்.

“இல்லன்னு சொன்னா அவன் நம்பணும். நம்பறவனா இருந்தா கேட்டிருக்க மாட்டானே. நான் என்னத்தச் சொல்லி அனுப்ப?” என்றார்.

விரிப்பில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். துவைத்து வைத்த விரிப்பு அது. நான் அந்த அழுகையை அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை. முனைகளை மட்டும்தான் கொண்டுபோகலாம் என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். ஆனால் இடையில் சுவரா இருந்தது? வெறும் கோடுதானே. நெட்டை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

மாண்பு தின விழா ஆஸ்பத்திரி அரங்கில் நடந்தது. மேடையில் இருந்த எல்லோரும் சாம்பல் கோட்டு. இயக்குநர் பேசினார்.

“நண்பர்களே! போன வருஷம் பூரா இந்த ஆஸ்பத்திரியில இனவெறிப் புகார் ஒண்ணுகூட இல்ல. இன்னைக்கு நெஞ்ச நிமிர்த்திச் சொல்றேன், நம்மகிட்ட இருக்கு! நம்ம பிரிவு இல்லன்னா இந்தக் காயம் வெளியவே தெரிஞ்சிருக்காது. பாதிக்கப்பட்டவருக்கே தெரிஞ்சிருக்காது!” கைதட்டல் அடங்க நேரமானது.

மாஸ்டர் மன்னிப்பை வாசித்தார். எழுதிக் கொடுத்ததைத்தான் வாசித்தார். ‘நான் சொன்ன சொற்களுக்கும், சொல்லாமல் விட்ட சொற்களுக்கும், இனிமேல் சொல்லக்கூடிய சொற்களுக்கும்’ என்று அது ஆரம்பித்தது. நடுவில் ஒரு இடத்தில் நாக்கு குழறியது. மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார்கள்.

பிறகு, பாதிப்பைத் தாங்கிக்கொண்டதற்காக நெட்டைக்கு விருது. கண்ணாடிக் கேடயம், அதில் அதே நான்கு கைகள். மைக்கை அவனிடம் கொடுத்தார்கள். அவன் குனிந்து, “நன்றி. கேட்ல தினம் என் பைய...” என்றான். மைக் நின்றுவிட்டது. மின்சாரக் கோளாறு என்று அறிவித்தார்கள். அதிகாரி அம்மா பேச எழுந்ததும் மைக் தானாகச் சரியானது. பிரிவுக்குப் பக்கத்து அறையையும் சேர்த்து ஒதுக்கியிருப்பதாகச் சொல்லி இயக்குநருக்கு நன்றி கூறினார்.

விழா முடிந்து எல்லோரும் கேட்டுக்கு வந்தோம். மாஸ்டரும் நானும் முன்னால். காவலாளி எங்களைப் பார்த்துத் தலையாட்டி அனுப்பினான். எங்களுக்குப் பின்னால் வந்த நெட்டையை நிறுத்தினான். பையைத் திறந்தான். கையை விட்டான். கேடயத்தை வெளியே எடுத்தான்.

“இத எங்கேருந்து எடுத்தே?”

“எனக்குக் குடுத்தாங்க.”

“உனக்கா? யாரு?”

“இயக்குநர்.”

காவலாளி கேடயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இந்த மாதிரி சாமான்லாம் மேல அறையிலதான் இருக்கும். விசாரிச்சுட்டுத்தான் தருவேன்” என்று மேஜைக்கடியில் வைத்தான்.

மாஸ்டர் திரும்பி வந்தார். “அது அவனோடதுப்பா. எங்க கண்ணு முன்னாலதான் குடுத்தாங்க.”

காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தான். “நீதானே அந்த நிறக் கேஸு? நீ இவனுக்குச் சாட்சியா? போய்யா.”

மாஸ்டர் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து அதிகாரி அம்மாவின் கார் வந்தது. நான் ஓடிப்போய் ஜன்னலில் சொன்னேன். கண்ணாடியைப் பாதி இறக்கினார்.

“காவலாளி அவரை ஏதாவது சொன்னாரா? நிறத்தைப் பத்தி?”

“சொல்லல மேடம். ‘எங்கேருந்து எடுத்தே’ன்னு கேட்டான்.”

“அது பொதுவான கேள்வி” என்றார். கண்ணாடி ஏறியது. கேட் திறந்தது. கார் போய்விட்டது.

நாங்கள் மூன்று பேரும் நின்றோம். அங்கே தரையில் கோடு இல்லை. நெட்டை காவலாளியின் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். கலந்த சலவையில் பல தடவை போய் வந்த சட்டை, ஆனாலும் கறுப்பு கறுப்பாகத்தான் இருந்தது. பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினான். அத்தனை வாரத்துக்குப் பிறகு நேராக அவரிடமே பேசினான்.

“மாஸ்டர், இந்தக் கறுப்பத் தனியாப் போட்டு நல்லா வெளுக்கணும். வெளுத்தாத்தான் வழிக்கு வரும்.”

காவலாளி குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான். “ஏன், சுத்தமாத்தானே இருக்கு?” என்றான்.

மாஸ்டரின் வயிறு குலுங்கியது. சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது, எனக்குத் தெரிந்தது. ஆனால் சிரிப்பதற்கு முன்னால் அவர் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், பின்னால் திரும்பி வாசலில் யாராவது நிற்கிறார்களா என்றும் பார்த்தார். பார்த்து முடிப்பதற்குள் சிரிப்பு போய்விட்டது.